கையை விட்டு ஓடியவள் நீ அல்ல

ஸ்டெல்லா,

நீ விமானம் ஏறி இன்றோடு ஒரு கிழமை. நான் பராமரிக்கும் கிழவர், அந்தக் காலத்தில் பெரிய வழக்கறிஞராக இருந்ததால் இன்றும் எல்லோரும் 'அவ்வொக்காத்தோ' என்றே கூப்பிடும் அந்த மனிதர், மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இந்த நேரத்தில் பலெர்மோ நகரம் முழுவதும் சன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்துவிடும். குசினி மேசையில் ஒரு கோடு வெயில் மட்டும் விழுந்து கிடக்கிறது. அது நகர நகர நானும் தாளை நகர்த்தி நகர்த்தி எழுதுகிறேன். நீ இருக்கும் அர்ஜென்டினாவில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும் என்றும், கொடிகள் துளிர்விடும் என்றும் சொன்னாய். இங்கே இலையுதிர்காலம். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பருவங்களில் இருப்பது எனக்கு இன்னும் கனவு மாதிரித்தான் இருக்கிறது.

கோயிலில், கிறிஸ்து பிறப்பு நாளுக்குப் போடும் நத்தார் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். இந்த நாட்டில் பார்த்த ஓர் ஊரைப் பற்றி எழுதினால் நல்லது என்றார்கள். சரி, சம்பூக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் உன்னைப் பற்றியும் எழுத வேண்டும், என்னைப் பற்றியும் எழுத வேண்டும். ஆகவே இதை உனக்கே எழுதுகிறேன், நம் ஆட்கள் எல்லோரும் படிக்கும்படியாக. உன்னைப் பற்றிய ஒரு கதையை அவர்கள் பத்தொன்பது வருடமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கதை பொய் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். இதை அச்சிடலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன்னிடம் கேட்டேன். "எழுதுங்கோ அப்பா. ஆனா என்னைப் பாவமாக் காட்டாதேங்கோ" என்றாய். முயற்சி செய்கிறேன்.

மன்னாரிலிருந்து நான் இங்கே வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. உன் அம்மா ஊர்காவற்றுறை. கலியாணமாகி, பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி கிடைத்து, அவள் வந்து சேர மூன்று வருடமானது. பிறகு நீ பிறந்தாய். கபோ சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அம்மா வீடு வீடாகப் போய் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கினாள். நான் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினேன். குடி எப்போது தொடங்கியது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. வேலை முடிந்து சமையற்காரர் ஊற்றித் தரும் ஒரு கிளாஸ், அடுத்த மாதம் இரண்டு. குடிகாரன் என்று என்னை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. சிரித்துக்கொண்டே குடித்தேன், சிரித்துக்கொண்டே மறந்தேன். நான் மறந்துபோனவற்றில் ஒன்று நீ.

உனக்கு எட்டு வயது. சனிக்கிழமை. முதல் நன்மைக்கான மறைக்கல்வி வகுப்பு நாலு மணிக்கு முடியும். அம்மா வேலையில் இருந்தாள். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் உன்னை வுச்சீரியாச் சந்தை வழியாகக் கூட்டிப் போனேன். கடலைமாவில் பொரிக்கும் பனெல்லே வாங்கித் தந்து, ஒரு குடிக்கடை வாசலில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் உன்னை இருத்தினேன். "அஞ்சு நிமிசம், மகள். அப்பா வரும்வரைக்கும் எழும்பக்கூடாது" என்றேன். நீ தலையாட்டினாய். எண்ணெய் பிசுக்கிய கடதாசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். உள்ளே என்னுடன் முன்பு வேலை செய்த ஒருவன் இருந்தான். கதைத்தோம், குடித்தோம். அந்தக் கடைக்கு அடுத்த தெருவில் இன்னொரு கதவு இருந்தது. அந்தக் கதவால் வெளியேறி, அவனுடைய அறைக்குப் போய், அவன் கட்டிலில் படுத்து நித்திரையாகிவிட்டேன்.

நீ எழும்பவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரன் வந்து அதைக் கேட்கும்வரைக்கும் நீ அதில்தான் இருந்தாய் என்று இந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு நீ நடந்திருக்கிறாய். 'துலைஞ்சு போனால் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் போ, அங்கை எங்கடை ஆக்கள் ஆராவது நிப்பினம்' என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, ரயில் நிலையம்வரைக்கும் தனியாக நடந்து, அங்கே கோயிலில் கண்ட ஒரு மாமியைப் பார்த்து அவர் சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கிறாய். அவர் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஏழு மணி. நான் விழித்து, முகம் கழுவி, ஏலக்காய் மென்றுகொண்டு படியேறி வந்தபோது எங்கள் அறை நிறைய ஆட்கள். நடுவில் நீ. உன் அம்மா உன் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா கூப்பிட வரேல்லையோ? சொல்லு! வந்தவரோ, இல்லையோ?"

நீ கதவடியில் நின்ற என்னைப் பார்த்தாய். எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு யோசனையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு சொன்னாய்: "அப்பா வந்தவர். நான்தான் கையை விட்டிட்டு ஓடிட்டன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அகப்பைக்காம்பால் உன்னை அடித்தாள். பயந்த தாய் அடிக்கும் அடி அது. நான் நின்று பார்த்தேன். யாரோ வந்துதான் மறித்தார்கள். அதற்குப் பிறகு பதின்மூன்று வயதுவரைக்கும் தெருவில் அம்மா உன் கையை விட்டதேயில்லை. பள்ளிக்கூட வாசலில் உன் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கோயிலில் உனக்குப் பெயரே அதுவாகிவிட்டது: கையை விட்டிட்டு ஓடினவள். பகிடியாகத்தான் சொன்னார்கள். பகிடி என்றாலும் பத்தொன்பது வருடம் நீண்ட பகிடி.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலை நான் குடியை விட்டேன். இன்றுவரை தொட்டதில்லை. கோயிலில் என்னை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சாமியார்கூட இளைஞர்களிடம் என்னைக் காட்டிப் பேசியிருக்கிறார். நான் அடக்கமாகத் தலைகுனிந்து நிற்பேன். உனக்கு நான் செய்ததற்கு அதுவே கணக்குத் தீர்த்ததாக எனக்குள் ஒரு நினைப்பு. மகள், இதை நீ வேறு யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அனுபவித்தவன் சொல்கிறேன்: ஒரு நல்ல காரியத்தை வைத்து ஒரு பொய்யை அடைக்க முடியாது. குடியை விட்டது என் உடம்புக்கு நல்லது, என் பெயருக்கு நல்லது. உன் பெயர் இருந்த இடத்திலேயே கிடந்தது.

இதைவிடக் கேவலமான ஒன்றும் நடந்தது. பத்தொன்பது வயதில் நீ வந்து, திராட்சை வளர்ப்பும் வைன் செய்வதும் படிக்கப் போகிறேன், மார்சாலாவில் வகுப்பு என்று சொன்னாய். உலகத்தில் இருக்கிற அத்தனை படிப்பையும் விட்டுவிட்டு நீ அதை எடுத்தது என்னைப் பழிவாங்கத்தான் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. நீயும் நானும் மட்டும் அறிந்த அந்தச் சனிக்கிழமையை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாய் என்று நினைத்தேன். அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நான் சொன்னேன்: "அண்டைக்கும் கையை விட்டிட்டு ஓடினனி, இண்டைக்கும் ஓடுறாய். போ. நான் சாகிறவரைக்கும் நீ வேலை செய்யிற இடத்திலை கால் வைக்கமாட்டன்."

எனக்காக நீ சொன்ன பொய்யையே எடுத்து உன்னை அடித்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். அம்மாகூட என் பக்கம்தான் நின்றாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

படித்து முடித்து நாலு வருடம் நீ சம்பூக்காவில் வேலை செய்தாய். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாய். நாங்கள் காலநிலையைப் பற்றிக் கதைப்போம். சம்பூக்கா என்ற சொல்லை நான் வாயில் எடுத்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, துண்டில் கை துடைத்துக்கொண்டே சொன்னாய்: "அர்ஜென்டினாவிலை ரெண்டு வருச வேலை கிடைச்சிருக்கு. போக முதல் ஒருக்கா வாங்கோ அப்பா. நான் நிக்கிற இடத்தைப் பாருங்கோ. குடிக்கச் சொல்லேல்லை. பார்க்கத்தான்." அந்த 'ஒருக்கா' என்ற சொல்லில் ஒரு கெஞ்சலும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்பவளின் குரல் அது. அதனால்தான் வந்தேன்.

சனிக்கிழமை காலை நானும் அம்மாவும் ஸ்தாசியோனேக்குப் பக்கத்தில் பேருந்து ஏறினோம். முப்பத்தொரு வருடம் இந்தத் தீவில் இருக்கிறேன், நகரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. கட்டடங்கள் முடிந்து மலைகள் வந்தன. மலைகள் முடிந்து எல்லையில்லாத நிலம் வந்தது, வெயிலில் காய்ந்து பொன்னிறமாக, அலையலையாக. அதற்கு மேல் சீப்பால் வாரிவிட்டது போலத் திராட்சை வரிசைகள். ஒரு மேகம் கடக்க, நிழல் அந்த வரிசைகளின் மேல் மெதுவாக ஊர்ந்து போனது. பேருந்தில் எல்லோரும் தூங்கினார்கள். உன் அம்மா மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். "இவ்வளவு வடிவான பாதையாலையே பிள்ளை ஒவ்வொரு முறையும் தனிய வந்து போறவள்?" என்று கேட்டாள்.

சம்பூக்காவைப் பற்றி மலர்க்காரர்களுக்கு நான் என்ன எழுதுவது? தேன்நிறக் கல்லில் கட்டிய ஊர். ஆயிரம் வருடத்துக்குமுன் அரேபியர் போட்ட ஏழு ஒழுங்கைகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். வளைந்து வளைந்து போய், முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் ஒரு முற்றத்தில் திறக்கும். அங்கே ஒரு பூனை இருக்கும், ஒரு சாடியில் துளசி மாதிரி வாசம் வீசும் பசில்லிக்கோ இருக்கும். எங்கோ உள்ளே ஒரு ரேடியோ தனக்குத்தானே பாடும். ஊர் முடியும் இடத்தில் மேடையிலிருந்து பார்த்தால் கீழே ஏரி, ஏரியைச் சுற்றித் தோட்டங்கள். காற்றில் ஒரு புளித்த இனிப்பு. முதல் மூச்சிலேயே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க அறுவடையில் இருந்தது. சுவர், கல், துவைத்துக் காயப்போட்ட துணி, எல்லாவற்றிலும் அந்த வாசம். நீ ஓடிவந்து என் பையை வாங்கினாய். உன் விரல்கள் நகக்கண்வரைக்கும் ஊதா நிறமாக இருந்தன.

நீ வேலை செய்யும் இடம் ஊரின் கீழ்ச் சரிவில். முற்றத்தில் பெட்டி பெட்டியாகக் கறுத்த திராட்சை இறங்கிக்கொண்டிருந்தது. என் வயது ஆண்கள், என்னைவிட மூத்தவர்கள், உன்னிடம் வந்து 'டொத்தோரெஸ்ஸா, இது எங்கே?' 'டொத்தோரெஸ்ஸா, அது போதுமா?' என்று, பட்டம் பெற்ற பெண்ணுக்குரிய மரியாதைப் பெயர் சொல்லிக் கேட்டுப் போனார்கள். நீ ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, விதையைத் துப்பி, கையால் இடம் காட்டினாய். எங்கள் வீட்டில் குரல் உயர்த்தாத பிள்ளை அங்கேயும் குரல் உயர்த்தவில்லை. உயர்த்தாமலே எல்லோருக்கும் கேட்டது. அம்மா என் கையைக் கிள்ளி, "என்னெண்டு கூப்பிடுகினம், கேட்டியளோ?" என்றாள். கேட்டேன்.

மத்தியானம் கரோப் மரத்தின் கீழ் நீண்ட மேசை. அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி சிஞ்ஞோரா நெல்லா, எழுபது வயது இருக்கும், என் பக்கத்தில் இருந்தார். என் முன்னால் தண்ணீர்க் குவளை மட்டும் இருந்ததைக் கவனித்தேன். நீதான் சொல்லி வைத்திருக்கிறாய். சிஞ்ஞோரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இத்தாலியனில் சொன்னார்: "இங்கே படித்த பிள்ளைகள் நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவசரம். உங்கள் மகளைப் போலக் காத்திருக்கத் தெரிந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால், நேரம் வரும்வரைக்கும் அசையமாட்டாள். இதை யார் இவளுக்குப் பழக்கினது? நீங்களா?"

அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார். அந்தக் கிழவிக்கு வேறு ஒரு எண்ணமும் இல்லை. எனக்கு மரத்து நிழல், மேசை, ஆட்கள், எல்லாமே தூரமாகப் போய்விட்டன. வுச்சீரியாவில் கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை இருப்பது மட்டும் தெரிந்தது. நான் உன் அம்மாவின் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னேன்.

"இஞ்சை பாரும். அண்டைக்கு இவள் ஓடேல்லை. நான்தான் இவளைக் குடிக்கடை வாசல்லை இருத்திப்போட்டு மறந்துபோய்ப் படுத்தனான். இவள் எனக்காகப் பொய் சொன்னவள். நான் பேசாமல் நிண்டனான்."

உன் அம்மா வாயில் இருந்ததை விழுங்கினாள். உன்னைப் பார்த்தாள். "மெய்யே பிள்ளை?"

"ஓம் அம்மா."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா அப்பாவை விட்டிட்டுப் போயிருப்பியள்."

"போயிருப்பன்" என்றாள் உன் அம்மா. கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினாள். சிஞ்ஞோராவுக்கு மரியாதையாகத் தலையசைத்தாள். பிறகு அந்தக் கொதிக்கும் வெயிலில் மேட்டுப் பாதையால் ஊருக்குள் ஏறிப் போய்விட்டாள். கைப்பை, தொலைபேசி எல்லாம் மேசையில் கிடந்தன. மேசையைச் சுற்றி ஒருவரும் அசையவில்லை. ஒரு சொல்லும் விளங்காமலே எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

நீயும் நானும் தேடினோம். அந்த ஏழு ஒழுங்கைகளிலும் தேடினோம். ஒன்றால் நுழைந்து இன்னொன்றால் வந்தோம், அதே பூனையை மூன்று முறை கண்டோம். ஒரு கட்டத்தில் நீ இடப்பக்கமும் நான் வலப்பக்கமுமாகப் பிரிந்தோம். தனியாக நிற்கும்போது, வெயிலும் நிழலும் வெட்டிக்கொண்ட அந்தச் சந்தில், தேடுகிறவர்களின் வயிறு எப்படி எரியும் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அன்று உன்னைத் தேடிய அத்தனை பேரில் நான் ஒருவன் மட்டும்தான் இல்லை. அந்த எரிவை நான் அறியாமலே இருந்துவிட்டேன்.

நீதான் கண்டுபிடித்தாய். கூப்பிட்டாய், வந்தேன். ஒரு முற்றத்தில் இரண்டு பெண்கள் வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிரம்புக் கதிரையில் உன் அம்மா. அழுதுகொண்டு வந்தவளைக் கண்டு, பெயர்கூடக் கேட்காமல் கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு சுத்தியலையும் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா கொட்டைகளை உடைத்தபடி, மினுக்கல் வேலைக்குப் போய்ப் பழகிய தன் இத்தாலியனில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அந்த இரண்டு பெண்களும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் மூத்தவள் ஒரு கொட்டையை எடுத்துக் கல்லில் வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரே அடியில் உடைத்தாள்.

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். உன்னைக் கூப்பிட்டு, உன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தக் கையிலை அடிச்சனான்?"

"ரெண்டிலையும்தான்."

"ரெண்டிலையுமோ?"

"முதுகையும் விடேல்லை" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று தெரியவில்லை. அந்தப் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்த முற்றத்தில் எனக்கு யாரும் கதிரை போடவில்லை. அதுதான் நியாயம்.

மறுநாள் காலை அம்மா அந்த மூத்த பெண்ணோடு பூசைக்குப் போனாள். அறுவடைக் காலத்தில் உனக்கு ஞாயிறும் வேலை. என்னை உள்ளே கூட்டிப் போனாய். பெரிய தொட்டிகள் மெல்லிய சத்தத்தோடு கொதித்துக்கொண்டிருந்தன. நெருப்பில்லாமல் கொதிக்கும் அந்தச் சத்தம், தூங்கும் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் கேட்கும் மூச்சு மாதிரி இருந்தது. என் வாய் ஊறியது. பத்தொன்பது வருடம் கழித்தும் ஊறியது. இதை மறைக்கமாட்டேன், மறைத்தது போதும். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னை வெளி முற்றத்துக்குக் கூட்டி வந்தாய். அங்கே வைத்துத்தான் கேட்டேன்.

"என்னாலையோ பிள்ளை நீ இதைப் படிச்சனி?"

"இல்லையப்பா. எல்லாத்துக்கும் நீங்கள்தான் காரணமெண்டு நினையாதேங்கோ. பள்ளிக்கூடத்திலை எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிச்சுது. ஒருக்கா எங்களை ஒரு தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பழத்தைப் பிழிஞ்சு வைச்சா அது தன்ரை பாட்டிலை மாறுது எண்டு காட்டினவை. எனக்கு ஆசையா இருந்தது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? எட்டு வருடமாக உன் படிப்பு, உன் வேலை, உன் ஊர் எல்லாம் என்னைக் குத்த நீ வைத்திருந்த முள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு அது வெறும் ஆசை, உன்னுடைய சொந்த ஆசை, அதில் நான் எங்கேயும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் ஒரு பெரிய இளைப்பாறுதலும் இருந்தது. பிழை செய்த பெற்றோருக்கு ஒரு வியாதி உண்டு, மகள். தங்கள் பிழையைச் சுற்றித்தான் பிள்ளையின் வாழ்க்கை முழுக்கச் சுழல்கிறது என்று நினைப்பார்கள். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரலாம். நீயும் பிழை விடுவாய். அன்று மன்னிப்புக் கேள், கேட்டுவிட்டு விலகி நில். அவர்களின் ஆசைகளுக்குள் உன் முகத்தைத் தேடாதே.

பிறகு நீ பிழியும் பொறிக்குக் கீழே ஒரு கிளாஸைப் பிடித்து என்னிடம் நீட்டினாய். நான் பின்வாங்கினேன். "பயப்பிடாதேங்கோ. இது இன்னும் வைன் இல்லை. இப்பதான் பிழிஞ்ச சாறு. காலையிலை கொடியிலை இருந்தது." குடித்தேன். அப்படி ஒரு இனிப்பை நான் அறிந்ததில்லை. வெயிலின் சூடு அதில் இன்னும் இருந்தது. நீ செய்யும் பொருளை நான் ஒருநாளும் குடிக்க முடியாது. ஆனால் அது தொடங்கும் இடத்தை எனக்குக் காட்டினாய். அதற்கு நான் உனக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ புறப்பட்ட வெள்ளிக்கிழமை, விமான நிலையத்தில், உன் அம்மா என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை என்பதை நீ கண்டிருப்பாய். சம்பூக்காவிலிருந்து வந்த நாள்தொட்டு அப்படித்தான். தேத்தண்ணி ஊற்றி வைப்பாள், சோறு போட்டு வைப்பாள், சட்டை மினுக்கி வைப்பாள், கதைக்கமாட்டாள். நான் சோபாவில் படுக்கிறேன். நீ உள்ளே போய் மறைந்தபிறகு நான் அழுதபோது, தன் லேஞ்சியை எடுத்து என் பக்கம் பார்க்காமலே நீட்டினாள். அன்றைக்கு அவ்வளவுதான் கிடைத்தது, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உடனே எல்லாம் லேசாகிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. பாரம் என் தோளிலிருந்து இறங்கி உன் அம்மாவின் தோளில் ஏறியிருக்கிறது. அவள் அதை எங்கே வைப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவளை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்லவேண்டும், கேள். எட்டு வயதில் நீ செய்தது பெரிய அன்பு. ஆனால் இனி அப்படிச் செய்யாதே. புதிய நாட்டில், புதிய ஆட்களுக்கு நடுவில், உனக்குப் பிடித்த ஒருவன் வரலாம், ஒரு முதலாளி வரலாம், ஒரு சிநேகிதி வரலாம். அவர்கள் விட்ட பிழையை நீ எடுத்துச் சுமந்தால், கொஞ்ச நாளில் அது உன் பெயராகவே ஆகிவிடும். சுமக்கக் கொடுத்தவனே ஒருநாள் அதைச் சொல்லி உன்னை ஏசுவான். நான் ஏசினேன், ஆகவே எனக்குத் தெரியும். அன்பு காட்ட வேறு வழிகள் இருக்கின்றன. என்னை வரச் சொல்லிக் கேட்டாயே, அப்படி.

நேற்று நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன், கிழவர் எழும்பப் போகிறார். வேலையால் வந்த அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "சனிக்கிழமை மினுக்க நான் வரமாட்டனெண்டு அவ்வொக்காத்தோட்டைச் சொல்லிப்போடுங்கோ."

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கேட்ட குரல். "ஏன், எங்கை போறீர்?"

"சம்பூக்காவுக்கு. அந்தக் கொட்டை உடைச்ச மனிசி வரச்சொன்னவ. ஒலிவ் ஆயத் தொடங்குகினமாம்."

"பிள்ளைதான் அங்கை இல்லையே."

"அதாலை என்ன? ஊர் இருக்குத்தானே." மேசையில் பேருந்து டிக்கெட் இரண்டை வைத்தாள்.

நான் இரண்டையும் பார்த்தேன். "நானுமோ வாறது? அந்த மனிசியளின்ரை முகத்தை நான் என்னெண்டு பார்க்கிறது?"

உன் அம்மா முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். கோபம் போகவில்லை, கண்ணில் அப்படியே இருந்தது. ஆனால் திரும்பினாள்.

"பார்க்கத்தான் வேணும். அண்டைக்கு நான் பாதிதான் சொன்னனான். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் இருந்து சொல்லுங்கோ."

நாளைக் காலை புறப்படுகிறோம்.

உன் அப்பா